மூன்றாம் மாடிச் சேலை

பொறாமை எனக்குப் பிறவிக்குணம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது கலியாணத்தோடு வந்தது. எங்கள் வீட்டில் இவருக்குச் சீதனம் கொடுத்தார்கள்; பதிலுக்கு அவர்கள் வீட்டில் எனக்கு ஷாமினியைக் கொடுத்தார்கள். ஷாமினி இவருடைய ஒரே தங்கை. என்னைவிட ஐந்து வயது இளையவள், என்னைவிட நிறம், என்னைவிட உயரம். (நான் குட்டை இல்லை. அவள் பக்கத்தில் நின்றால்தான் குட்டை.) அவள் மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமைதான். அதற்காக மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு வீட்டின் மேல் தட்டில் நானும் இவரும் ஷாமினியும் வாடகைக்கு இருந்தோம். பஸ்ஸில் போகிற தூரத்தில் பெரிய கடை ஒன்று. ஊசியிலிருந்து கட்டில் வரைக்கும் மாடி மாடியாக அடுக்கி விற்கிற கடை. இலையுதிர் காலம் தொடங்கி கிறிஸ்மஸ் வரைக்கும் தற்காலிகமாக ஆட்கள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நானும் அவளும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே கதிரையில் மாறி மாறி இருந்து நேர்முகம் கொடுத்தோம். கேள்வி கேட்ட பெண்மணி ஷாமினியின் முகத்தைப் பார்த்தாள். என்னிடம் வந்தபோது கையைப் பார்த்தாள்.

"உன்னால் பாரம் தூக்க முடியுமா?"

இல்லை என்றால் வேலை போய்விடும் என்ற பயத்தில் 'ஓம், நன்றாகத் தூக்குவேன்' என்று சொல்லித் தொலைத்தேன். ஷாமினிக்கு முதலாம் மாடி, பெண்கள் உடுப்புப் பிரிவு. எனக்கு மூன்றாம் மாடி, வீட்டு அலங்காரத் துணிப் பிரிவு. திரைத்துணி, சோபாவுக்குப் போர்க்கிற துணி, மெத்தை உறைத்துணி எல்லாம் பெரிய பெரிய ரோல்களாக நிற்கும். ஒவ்வொரு ரோலும் ஒரு நோஞ்சான் மாப்பிள்ளையின் கனம். அதைத் தோளில் தூக்கி வந்து மேசையில் உருட்டி, அளந்து, கத்தரியால் கரகரவென்று வெட்டிக் கொடுக்க வேண்டும்.

மத்தியானம் ஊழியர் சாப்பாட்டு அறையில் நாங்கள் இருவரும் சந்திப்போம். நான் சாண்ட்விச்சோடு உட்கார்ந்திருப்பேன், தலை முழுக்கப் பஞ்சும் நூலும். அவள் வருவாள். கீழ்த்தளத்து வாசனைத் திரவியப் பெண்கள் வழியில் மறித்து அடித்துவிட்ட ஏதோ ஒரு வாசம் அவளுக்கு முன்னால் வந்து சேரும். அந்த வருடம் கருந்திராட்சை போன்ற முந்திரிகை நிறம்தான் நாகரிகமாம். முந்திரிகை நிறத்தில் கம்பளிக் கோட்டுகள், கட்டம் போட்ட பாவாடைகள், கழுத்துக்குப் பட்டுத் துண்டுகள். வேலை நேரத்தில் அவற்றில் சிலதை அவளே போட்டுக்கொண்டு நிற்கலாம், பார்க்கிறவர்களுக்கு வாங்க ஆசை வருமாம்.

"மச்சாள், இண்டைக்கு ஒரு வெள்ளைக்கார மனிசி என்னைப் பாத்து, நீ போட்டிருக்கிற கோட்தான் வேணும், கழட்டித் தா எண்டு நிண்டவ" என்று சிரிப்பாள்.

எனக்குச் சாண்ட்விச் இறங்காது. என்னைப் பார்த்து ஒருத்தரும் எதையும் கழற்றித் தரச் சொன்னதில்லை. 'இந்தத் துணியில் தேநீர் கொட்டினால் கழுவுப்படுமா' என்றுதான் கேட்பார்கள்.

வீட்டுக்கு வந்தால் இவர் வேறு. "ஷாமினி இப்ப நடக்கிற நடையே வேறை, கவனிச்சனீரே?" என்பார். கவனிக்காமல் என்ன, நான் அதை மட்டும்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் ஒரு செய்தி வந்தது. பெண்கள் உடுப்புப் பிரிவில் ஒருத்தரை நிரந்தரமாக எடுக்கப் போகிறார்கள். தற்காலிக ஆட்கள் யாரும் விண்ணப்பிக்கலாம். எனக்கு அந்த வேலை வேண்டும் என்ற ஆசை, ஐயோ, என்னவென்று சொல்ல! சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும். நிரந்தர வேலை கிடைத்தால் நாங்கள் வீடு வாங்குகிற கதை நிசமாகும். அதைவிட முக்கியம், ஷாமினிக்கு அது கிடைக்காது. விண்ணப்பித்தேன். அவளும் விண்ணப்பித்தாள். அந்தப் பிரிவின் பொறுப்பாளர் மிஸிஸ் லாங்ஃபோர்ட் என்னைக் கூப்பிட்டு, மிகவும் அன்பாக, "உன்னுடைய திறமை ரோல்களோடுதான்" என்று சொன்னார். ஆனாலும் சனிக்கிழமை இலையுதிர்கால உடுப்புக் காட்சி முடிந்த பிறகுதான் முடிவு என்றார்.

காட்சி என்றால், கீழ்த்தளத்தில் நீளமாக ஒரு மேடை போட்டு, வெளியிலிருந்து அழகிகளைக் கூப்பிட்டால் செலவு என்று, கடைப் பெண்களையே புது உடுப்போடு நடக்கவிடுவது. ஷாமினி நடக்கிறாள். அதுவும் முந்திரிகை நிறக் கோட்டோடு, கடைசிக்கு முதல் ஆளாக. என் பெயர் பட்டியலில் இல்லை.

இந்த இடத்தில் என் மனேஜர் மிஸ்டர் வில்மொட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான, சோகமான மனிதர். வருடா வருடம் இந்தக் காட்சியில் பெண்கள் உடுப்புக்குத்தான் எல்லா மரியாதையும், மூன்றாம் மாடியை ஒரு நாயும் எட்டிப் பார்ப்பதில்லை என்று அவருக்கு வயிற்றெரிச்சல். ஒரு பொறாமைக்காரருக்கு இன்னொரு பொறாமைக்காரரை அடையாளம் தெரியாதா? அந்தக் கிழமை புதிதாக வந்திறங்கிய துணி ஒன்றைத் தடவிக்கொண்டே பெருமூச்சு விட்டார். பழுத்த இலை நிறம், அதில் செம்பு நூலில் பெரிய பெரிய இலைகள். திரைத்துணி என்று யார் சொன்னது? எனக்கு அது கூறைச் சேலையாகத்தான் தெரிந்தது.

"இதை நான் சேலையாகக் கட்டிக்கொண்டு மேடையில் நடக்கட்டுமா?" என்று கேட்டேன். எப்படி வாயில் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

மிஸ்டர் வில்மொட்டின் முகத்தில் முதல் முறையாகப் பல்லைப் பார்த்தேன். உடனே மூடிக்கொண்டார். "வெட்ட முடியாது. இருப்பதே இந்த ஒரு ரோல். வெட்டினால் துண்டுத்துணி விலைக்குத்தான் போகும்."

"சேலைக்கு வெட்டத் தேவையில்லை" என்றேன் பெருமையாக. "கத்தரி, ஊசி, நூல் ஒன்றும் வேண்டாம். அதுதான் சேலை."

அந்த மனிதர் வாழ்க்கையில் சேலை கட்டியதில்லை, நம்பிவிட்டார். காட்சிப் பட்டியலில் ஷாமினிக்குப் பிறகு என் பெயரையும் எழுதுவித்தார். நானோ பதினைந்து வயதிலிருந்து கட்டுகிறவள். சேலைக்கு இரண்டு நுனி உண்டு, எங்கள் ரோலில் ஒன்றுதான் வெளியே இருக்கிறது என்பது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பிறகு உறைத்தபோதுகூட நான் அசரவில்லை. வெளியே இருக்கிற நுனியை இடுப்பில் செருகி, சுற்றி, மடிப்பு மடிப்பாகக் கொய்யகம் வைத்து, மீண்டும் சுற்றி, இடது தோளால் பின்னுக்கு விட்டால் முந்தானை நேராக ரோலுக்குப் போகும். நான் நடக்க நடக்கப் பின்னால் ஒருத்தர் ரோலை அவிழ்த்துவிட வேண்டியதுதான். டிவியில் காட்டுகிற ராச குடும்பத்துக் கலியாணங்களில் பொம்பிளைக்குப் பின்னால் எவ்வளவு நீளத்துக்குத் துணி வருகிறது! அதைவிட நீளமாக எனக்கு வரும். (அவர்களிடம் ரோல் இல்லை.)

போன வழியே திரும்பி வருவது எப்படி என்று நானும் யோசிக்கவில்லை, மிஸ்டர் வில்மொட்டும் யோசிக்கவில்லை. போவதைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை.

சனிக்கிழமை மத்தியானம் மேடைக்குப் பின்னால் ஒரு மறைப்புத் தட்டி. அதற்குள் என்னோடு வேலை செய்கிற மொரீன், முழங்கால் நோக்காட்டுக்காரி, இரண்டு கதிரைகளுக்கு நடுவே விளக்குமாற்றுத் தடியில் ரோலைக் கோத்து வைத்துக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். நான் கட்டத் தொடங்கினேன். அம்மாடி, அந்தக் கனம்! மூன்று கூறையை ஒன்றாக உடுத்தது போல் இருந்தது. அகலம் வேறு அதிகம், மேலே மடித்து மடித்துச் செருக வேண்டியிருந்தது. கொய்யகம் பலகை மாதிரி விறைத்து நின்றது. தோளில் குத்திய பின் வளைந்தது. இன்னொன்று குத்தினேன், அதுவும் வளைந்தது. சரி, உள்பாவாடை நாடாவை மூச்சு முட்ட இறுக்கியிருக்கிறேன், பிள்ளையார் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

தட்டியின் இடுக்கால் எட்டிப் பார்த்தேன். கதிரைகள் நிறைய ஆட்கள். முன்வரிசையில் கமராவோடு இவர். எங்கள் மேடை தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில், இரண்டு எட்டு வைத்தால் தொடுகிற தூரத்தில், முதலாம் மாடிக்குப் போகிற எஸ்கலேற்றர் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

ஷாமினி மேடையேறினாள். முந்திரிகை நிறக் கோட், உயரமான குதிச் சப்பாத்து. கோட்டின் ஒரு பக்கத்தை மெல்ல விலக்கி உள்ளே இருக்கிற பட்டுத் துணியைக் காட்டி ஒரு திரும்பு திரும்பினாள். சனம் கை தட்டியது. இவர் எழுந்து நின்று படம் எடுத்தார். எழுந்து நின்று! எங்கள் கலியாணத்துக்கே இவர் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார்.

ஏற்பாட்டின்படி அவள் திரும்பி வந்து இறங்கிய பிறகுதான் நான் போக வேண்டும். கைதட்டல் நிற்கவில்லை. நிற்காது போலவும் இருந்தது. எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ பற்றி எரிந்தது.

"மொரீன், நான் போகிறேன்."

"இப்பவா? அந்தப் பிள்ளை இன்னும்..."

போய்விட்டேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும், முதல் பத்து எட்டு என் வாழ்க்கையின் மிகச் சிறந்த பத்து எட்டு. சனம் 'ஓ' என்றது. செம்பு இலைகள் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கின. பின்னால் பழுத்த இலை நிறத்தில் ஆறு மாதிரி துணி நீண்டு வந்தது. மிஸ்டர் வில்மொட் தூணுக்குப் பக்கத்தில் கண்ணைத் துடைத்தார். இவர் கமராவை என் பக்கம் திருப்பினார். எனக்கு அது போதும், இறங்கிப் போயிருக்கலாம்.

நடு மேடையில் ஷாமினி எதிரே வந்தாள். "மச்சாள்?" என்றாள் திகைத்து. பிறகு சிரித்துக்கொண்டே எனக்கு வழிவிட்டு ஒதுங்கினாள். ஒதுங்கிய இடத்தில் என் துணி கிடந்தது. அவளுடைய குதி அதன் மேல் ஏறியது.

எனக்குத் தோள் பின்னால் இழுபட்டது. திரும்பிப் பார்த்தேன். குதியைக் கண்டேன். வேண்டுமென்றே மிதிக்கிறாள் என்று என் மனது அடித்துச் சொன்னது. அந்த நேரம் என் மனதுக்கு அவ்வளவுதான் அறிவு. இரண்டு மாதமாக ரோல் தூக்கிப் பழகிய கையால் துணியைப் பிடித்து, என் முழுப் பலத்தையும் போட்டு ஒரு இழுவை இழுத்தேன்.

அதே நேரம் ஷாமினி மரியாதையாகக் காலைத் தூக்கிவிட்டாள்.

இழுவை முழுக்க மொரீனிடம் போனது. தட்டிக்குப் பின்னால் ஒரு கோப்பை உடைகிற சத்தமும் ஒரு கெட்ட வார்த்தையும் கேட்டன. ரோல் கதிரையிலிருந்து துள்ளி விழுந்து, தடியோடு சேர்ந்து, மினுக்கிய தரையில் உருண்டு, எஸ்கலேற்றரின் முதல் படியில் போய் ஏறியது. தடி இரண்டு பக்கமும் முட்டி இறுகிக்கொண்டது. ரோல் சுழலவில்லை. அப்படியே நிம்மதியாக மேலே போகத் தொடங்கியது.

கிடந்த துணியெல்லாம் சரசரவென்று ஓடி முடிந்து, பிறகு என் முறை வந்தது. முந்தானை தோளை விட்டுப் போனது. நான் அதைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக மேடையால் ஓடினேன். இடுப்புச் சுற்று ஒன்று அவிழ, நான் ஒரு பம்பரச் சுற்றுச் சுற்றினேன். கொய்யகம் மொத்தமாகக் கழன்றது.

"நிப்பாட்டுங்கோ! ஆராவது இதை நிப்பாட்டுங்கோ!" என்று தமிழில் கத்தினேன். அந்தத் தளத்தில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மற்றவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். காவலாளிக்கு நிறுத்துகிற பொத்தான் எங்கே என்று தெரியவில்லை, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

துணியை விட்டால் மானம் போய்விடும் என்று விடாமல் பிடித்தேன். பிடித்ததால் நானும் எஸ்கலேற்றரில் ஏறினேன். மேலே ரோல், நடுவில் துணி, கீழே நான், ஊர்வலமாகப் போனோம். பாதி வழியில் கடைசிச் செருகலும் போய்விட்டது.

இப்படியாக, நான் போய்ச் சேர வேண்டும் என்று இரவு பகலாக ஆசைப்பட்ட முதலாம் மாடிப் பெண்கள் உடுப்புப் பிரிவுக்கு, அன்றைக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். உள்பாவாடையோடு. சுற்றிவர பொம்மைகள் நின்றன. அவை எல்லாவற்றுக்கும் கோட் இருந்தது.

அழுகை வந்தது. வெட்கத்தில் இல்லை. எல்லாம் அவளுக்குத்தான், எனக்கு ஒன்றுமே இல்லை என்ற ஆத்திரத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். படபடவென்று குதிச் சத்தம் கேட்டது. ஷாமினி எஸ்கலேற்றரில் ஓடி ஏறி வந்து, தன் கோட்டைக் கழற்றி என் மேல் போட்டு, கழுத்து வரை பொத்தானைப் பூட்டினாள்.

"அழாதேங்கோ மச்சாள். எழும்புங்கோ. ஒண்டும் நடக்கேல்லை."

"ஒண்டும் நடக்கேல்லையோ? உனக்கென்ன விசரே? என்ர மானமெல்லே போட்டுது!"

"கேளுங்கோ, கீழ கை தட்டினம். இதெல்லாம் காட்சியிலை ஒரு பகுதியெண்டு நினைச்சிட்டினம். சிரிச்சுக்கொண்டு இறங்குவம், வாங்கோ."

எதிரே ஆளுயரக் கண்ணாடி. முந்திரிகை நிறக் கோட்டோடு என்னைப் பார்த்தேன். இவ்வளவு நடந்த பிறகும் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? இந்தக் கோட் அவளுக்குத்தான் நன்றாக இருந்தது.

என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற எஸ்கலேற்றரால் கூட்டி வந்தாள். உண்மைதான், சனம் எழுந்து நின்று கை தட்டியது. சேலை அவிழ்ந்து மேலே போவதும், பெண் கோட்டோடு கீழே வருவதும், கோடை முடிந்து இலையுதிர் காலம் வருவதைக் காட்டுகிற புதுமை என்று ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மிஸிஸ் லாங்ஃபோர்ட் ஓடி வந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். ஷாமினிக்கு.

திங்கட்கிழமை அந்த நிரந்தர வேலை ஷாமினிக்கே கிடைத்தது. இக்கட்டான நேரத்தில் பதறாமல் கடையின் பெயரைக் காப்பாற்றினாளாம். நானாகப் போய்ச் சேலை கட்டி, நானாக அவிழ்ந்து, அவளுக்கு வேலை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இதை நினைத்து நான் எத்தனை நாள் பல்லைக் கடித்தேன் என்பது என் பல் வைத்தியருக்குத் தெரியும்.

எனக்குக் கிடைத்தது துணி. எஸ்கலேற்றரின் கறுப்பு மசகு நெடுக ஒரு கோடு போட்டுவிட்டது, இனி விற்க முடியாது என்று ரோல் முழுவதையும் மலிவு விலைக்கு எங்கள் தலையில் கட்டினார்கள். இவர் தோளில் சுமந்து, பஸ்ஸில் அதற்கும் ஒரு இருக்கை பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். மசகுக் கறையை உள்மடிப்பில் மறைத்துத் தைத்தேன். முன்னறைக்குத் திரை, படுக்கையறைக்குத் திரை, மெத்தை உறைகள், சாமிப் படங்களுக்குப் பின்னால் ஒரு தொங்கல். பிறகு ஹரோவில் வீடு வாங்கிப் போனபோது அங்கேயும் அதுதான். அந்தத் துணி கிழியவே கிழியாது. பகல் நேரத்தில் யாராவது வந்து இருட்டாக இருக்கிறது என்றால், இவர் இருந்த இடத்திலிருந்தே பிள்ளைகளுக்குக் குரல் கொடுப்பார்: "அம்மான்ர சீலையை ஒருக்கா விலக்கிவிடுங்கோ, வெளிச்சம் வரட்டும்." வந்தவர்கள் முழிப்பார்கள். உடனே கதை தொடங்கிவிடும்.

கதையைச் சொல்வது யார்? ஷாமினி. கலியாணமாகி, அடுத்த தெருவில் எங்கள் வீட்டைவிட ஒரு அறை கூடுதலான வீட்டில் இருக்கிறாள். பிறந்தநாள், பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, எங்கே நாலு பேர் கூடினாலும் "ஷாமினி, அந்தச் சீலைக் கதையைச் சொல்லும்" என்று கேட்பார்கள். எழுந்து நின்று நடித்தே காட்டுவாள். நடக்காததையும் சேர்ப்பாள். எஸ்கலேற்றரில் போகும்போது நான் காவலாளிக்குக் கையசைத்தேனாம்! சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். பாடுபட்டவள் நான். அவிழ்ந்தது என் சேலை. நான் சொல்ல வாயெடுத்தால், "நீங்கள் இருங்கோ மச்சாள், உங்களுக்கு அந்த இடம் சரியா வராது" என்பாள்.

அதனால்தான் உட்கார்ந்து எழுதினேன். எழுத்தில் வந்துவிட்டால் கதை என்னுடையதுதானே? எழுதி முடித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து இவருக்கு வாசித்துக் காட்டினேன். இவர் முழுக்கக் கேட்டார். இரண்டு மூன்று இடத்தில் சிரிக்கவும் செய்தார்.

"நல்லா எழுதியிருக்கிறீர்" என்றார் கடைசியில். "எண்டாலும், அந்தக் காவலாளிக்குக் கையசைச்ச இடத்தை ஏன் விட்டனீர்? ஷாமினி சொல்லேக்கை அதுதானே நல்லாயிருக்கும்."